அது யாருக்கு நடந்தது? – தன்வரலாறு எழுதத் தொடங்கிய ஒருவருக்கு

ஒரு மாவட்டத் தலைநகரின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “என் வாழ்க்கையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அப்பாவின் குடி, அக்காவின் முறிந்த கல்யாணம், கல்யாணத்துக்கு முன் நான் விரும்பிய ஒருவர், ஒரு மேலதிகாரி என்னிடம் நடந்துகொண்ட விதம், லைனில் காதில் விழுந்த எத்தனையோ பேருடைய பேச்சு, எல்லாம் நினைவில் இருக்கிறது. எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம்? அப்பா இப்போது இல்லை. அக்கா இருக்கிறார்.”

வணக்கம் அம்மா. மற்றவர்கள் எழுதிய வாழ்க்கைக் கதைகளைப் பதிப்புக்குச் செப்பனிட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எழுத உட்காரும் எல்லோரையும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு பக்கத்தில் நிறுத்திவைக்கிறது. பலரை இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் முதல் நாளே இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். எழுதுவது ஒரு தீர்மானம், எழுதியதை வெளியிடுவது வேறொரு தீர்மானம். இரண்டையும் சேர்த்து எடுக்கப் பார்த்தால், “அக்கா படித்தால் என்ன நினைப்பாள்” என்ற எண்ணம் ஒவ்வொரு வரியிலும் குறுக்கே வரும். கடைசியில் எழுத்து நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடும்.

முதல் வரைவை எதையும் விடாமல், யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். நோட்டில் எழுதினால் அது உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஃபோனில் பேசிப் பதிவு செய்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு துண்டுகூட அனுப்ப வேண்டாம். பாதி எழுதிய நிலையில் வெளியே போன ஒரு பத்தி, முழுசாக எழுதியிருந்தால் வந்திருக்காத சண்டையைக் கொண்டுவரும். அப்புறம், எழுதி முடித்ததும் சில மாதம் தள்ளி வைத்துவிட்டுப் படித்தால், நீங்கள் பயந்த பல பக்கங்கள் சாதாரணமாகத் தெரியும். நீங்கள் சாதாரணமாக நினைத்த ஓரிரு பக்கங்கள் உங்களைத் தூக்கிவாரிப்போடும்.

பிரித்தெடுக்க உட்காரும்போது ஒவ்வொரு நினைவிடமும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: இது யாருக்கு நடந்தது? உங்களுக்கு நடந்தது உங்களுடையது. அதைச் செய்தவர் வேறு ஒருவராக இருந்தாலும், அவருக்கு அது பிடிக்காமல் போனாலும், அது உங்களுடையதுதான். இன்னொருவருக்கு நடந்து உங்களுக்குத் தெரியவந்தது அவருடையது. எவ்வளவு சுவையான சம்பவமாக இருந்தாலும், எவ்வளவு அன்போடு எழுதினாலும், அதை வெளியே வைக்கும் உரிமை நமக்கு இல்லை. ஒரு குடும்பத்தில் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைக்கே அந்த விஷயம் தெரியாமல் இருக்கும். பெரியம்மாவின் புத்தகத்தில் ஒரு வரியாக அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலையை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. கஷ்டம் எல்லாம் இரண்டும் கலந்து கிடக்கும் இடங்களில்தான். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

லைனில் கேட்ட பேச்சு உங்களுடையது இல்லை. நீங்கள் வேலை பார்த்த காலம் முழுவதும் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் நடப்பில் இருந்தது. கம்பியில் போன செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்கு அது சிறைத்தண்டனை வைத்திருந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டத்தை விடுங்கள், அந்த மனிதர்கள் உங்களை நம்பிக்கூடப் பேசவில்லை; நீங்கள் இருப்பதையே மறந்து பேசினார்கள். ஊரையும் ஆளையும் மாற்றினாலும் அந்தப் பேச்சுகளை விட்டுவிடச் சொல்வேன்.

ஆனால் அந்த நாற்காலி உங்களுடையது. ஹெட்செட் காதை அழுத்திய வலி, போர்டில் இணைப்பு வயரைச் செருகிய கை, டிக்கெட்டில் நேரம் குறித்தது, மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் புகுந்து சொன்னது, சாதாரண காலுக்கும் அர்ஜென்ட்டுக்கும் லைட்னிங்குக்கும் இருந்த கட்டண வித்தியாசம், குறிப்பிட்ட ஒருவரோடு மட்டும் பேச வேண்டும் என்று பி.பி. கால் போட்டவர் கேட்ட ஆள் வீட்டில் இல்லை என்று சொல்ல நேர்ந்த தருணங்கள். 1987 டிசம்பர் 24 அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்தார். அந்த ஷிஃப்டில் நீங்கள் இருந்திருந்தால், போர்டில் விளக்குகள் எப்படி எரிந்தன, சென்னைக்கு லைன் கிடைத்ததா, நீங்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று எழுத உங்களைப் போன்றவர்களால்தான் முடியும். வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து டிரங்க் புக்கிங் மறைந்த பிறகு பிறந்தவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. என்னிடம் வரும் கைப்பிரதிகளில் இந்த மாதிரி விஷயங்கள் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: “1978-இல் பணியில் சேர்ந்தேன், பல ஊர்களில் பணியாற்றினேன்.” அதற்குப் பதிலாகப் பிரிவு உபசார விழாவில் யார் யார் பேசினார்கள் என்று நான்கு பக்கம் இருக்கும். எதை மறைப்பது என்று கவலைப்படுகிறவர்கள், எழுதியே ஆக வேண்டியதை அற்பம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

அவமானப்பட்ட நினைவுகளையும் அப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள். உ.வே.சாமிநாதையர் எண்பத்தைந்து வயதை ஒட்டி ‘என் சரித்திரம்’ எழுதினார்; 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை அதில் விரிவாகச் சொல்கிறார். அப்போது ஐயர் கல்லூரி ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். படித்த நூல்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் படித்திருக்கவில்லை. ‘தமிழ்த் தாத்தா’ என்று நாடே கொண்டாடிய மனிதர், தான் ஒன்றும் படித்திருக்கவில்லை என்று உணரவைக்கப்பட்ட அந்த நாளைத் தேதியோடு எழுதிவைத்தார். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது ஏன், எப்படி என்பது அந்த அவமானத்தைச் சொன்னால்தான் விளங்கும். உங்கள் வாழ்க்கை திரும்பிய இடத்தில் இப்படி ஒரு கூச்சம் தரும் நினைவு இருந்தால், அதை வெட்டாதீர்கள். அது முழுக்க உங்களுக்கு நடந்தது. அதற்காக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, அக்காவின் கல்யாணத்துக்கு வருவோம். புகுந்த வீட்டில் அவருக்கு என்ன நடந்தது, ஏன் திரும்பி வந்தார், அவர் உங்களிடம் ராத்திரியில் அழுதுகொண்டே சொன்னது என்ன, இதெல்லாம் அக்காவுடையது. அவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற பிறகு உங்கள் வீட்டில் நடந்தது உங்களுடையதும்தான். அம்மா அக்கம்பக்கத்தாரிடம் என்ன சொல்லச் சொன்னார், உங்களுக்கு வந்த வரன்கள் தட்டிப்போனதா, அக்கா மேல் உங்களுக்குக் கோபம் வந்ததா. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கு, “அக்கா திரும்பி வந்தாள், அதன் காரணத்தை அவள்தான் சொல்ல வேண்டும்” என்று ஒரே வரி போதும். வாசகர்கள் இதை மதிப்பார்கள்.

பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் பலிக்காது. வெளியாருக்கு அக்காவின் உண்மைப் பெயரைச் சொன்னாலும் யாரென்று தெரியப்போவதில்லை. சொந்தக்காரர்களுக்குப் பெயரே வேண்டாம். “அக்கா” என்றால் உங்களுக்கு ஒரே அக்கா, “சின்ன அத்தை” என்றால் ஒரே சின்ன அத்தை. உறவுமுறைச் சொல் ஆளை நேராகக் காட்டிக்கொடுத்துவிடும். காயம் படுவதும் அந்தச் சொந்தக்காரர்கள் நடுவில்தான். ஆகவே குடும்பத்துக்குள் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்பதுதான் நிஜமான கேள்வி. பெயர் மாற்றம் அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார், உடன் படித்தவர்கள் போன்றவர்களுக்கு உதவும். அவர்களுக்கும் ஊர், தெரு, சாதி, வேலை எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் பிரயோசனம் இல்லை.

அக்கா சம்பந்தப்பட்ட பக்கங்களை அச்சுக்கு முன் அவருக்குக் காட்டுங்கள். முழுப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். அவர் வரும் பக்கங்கள் மட்டும். “இதைப் போடட்டுமா” என்று கேட்டால், நம் வீடுகளில் “உன் இஷ்டம்” என்பார்கள், மனதுக்குள் குமைவார்கள். “இதில் தப்பாக இருப்பது எது, உனக்கு வலிப்பது எது” என்று கேளுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்காராதீர்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அவர் வேண்டாம் என்றால், அவருடைய பகுதியை எடுத்துவிடுங்கள், உங்களுடைய பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். சிலர் நேர்மாறாகச் சொல்வதும் உண்டு: “இவ்வளவுதானா எழுதியிருக்கிறாய், நான் சொல்கிறேன், எழுதிக்கொள்” என்று. அப்படிச் சொன்னால் அது அவர் கொடுக்கும் கதை. அவர் சொன்னபடியே, அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.

இரண்டும் கலந்த நினைவுகளைக் கையாள்வதற்கு நான் அடிக்கடி காட்டும் முன்மாதிரி காந்தியின் ‘சத்திய சோதனை’. இளவயதில் தன்னை ரகசியமாக மாமிசம் சாப்பிடவைத்து, விலைமாதர் வீட்டுக்கும் கூட்டிப்போன நண்பரைப் பற்றி அத்தியாயக் கணக்கில் எழுதுகிறார். பெயரை எங்கும் சொல்லவில்லை. யார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது வேறு விஷயம். தந்தை உயிர் பிரிந்த நேரத்தில் தான் மனைவியோடு படுக்கையறையில் இருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். டர்பன் வீட்டில் கஸ்தூர்பாவைக் கையைப் பிடித்து வெளிவாசல்வரை இழுத்துப்போன சம்பவத்தையும் எழுதுகிறார். கஸ்தூர்பா அப்போது உயிரோடு இருந்தார். அது அவருடைய அவமானமும்தானே என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எழுதுகிறவர். மனைவி நியாயம் பேசுகிறவராக வருகிறார். தன் தவறை முழு வெளிச்சத்திலும் நண்பரின் தவறைப் பெயரில்லாமலும் வைத்தார். தனக்கும் தன்னைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் உண்டு, அவற்றைச் சொல்ல முடியாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

அந்த முன்னுரை வரி முக்கியம். விட்டுவிடுவது வேறு, பொய் சொல்வது வேறு. அக்காவின் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் இருக்கலாம். “இந்தப் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதப்போவதில்லை” என்று வெளிப்படையாகவும் சொல்லலாம். “அக்கா நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள்” என்று எழுதக்கூடாது. உண்மை தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டால், அப்பாவைப் பற்றி எழுதியதையும் அதிகாரியைப் பற்றி எழுதியதையும் நம்பமாட்டார்.

அப்பாவின் குடி. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. ஆனால் குடிக்கிற அப்பாவின் வீட்டில் வளர்ந்த குழந்தை நீங்கள். சாயங்காலம் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவைக் கணித்தது உங்கள் குழந்தைப் பருவம். எழுதுங்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். ஒன்று, அவரைக் குடிகாரராக மட்டும் கொண்டுவராதீர்கள். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட அப்பா, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன அப்பா, சம்பளத் தேதியில் அல்வா வாங்கிவந்த அப்பா என்று உங்களுக்குத் தெரிந்த ஆள் முழுசாக வரட்டும். அவர் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. இரண்டு, அம்மாவை அடித்தார் என்றால் அது அம்மாவுக்கு நடந்தது. நீங்கள் பார்த்தது உங்களுக்கு நடந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையின் கண் வழியாக எழுதினால் போதும்.

இங்கே காலத்தையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1974-இல் மறுபடி வந்தது. உங்கள் அப்பா கடையில் வாங்கிக் குடித்தாரா, கள்ளச்சாராயமா என்பது வருடத்தைப் பொறுத்து மாறும். நினைவு நம்மை ஏமாற்றும்போது சந்தேகமே வராத மாதிரி ஏமாற்றும். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அவர்களிடமே மறுபடி கேட்டபோது, பலர் வேறு கதை சொன்னார்கள், முழு உறுதியோடு. முதலில் தாங்களே எழுதியதைக் காட்டியும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. ஆகவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பத்திரங்கள், பணிப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகைகள், புகைப்படங்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் குற்றம் சொல்லும் நினைவாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். உடன் இருந்தவர் வேறு மாதிரி சொன்னால், “தம்பிக்கு இது வேறு விதமாக நினைவிருக்கிறது” என்று அதையும் எழுதிவிடுங்கள்.

மேலதிகாரி விஷயத்தில் நான் தயங்காமல் சொல்வேன்: அது உங்களுக்கு நடந்தது, எழுத வேண்டியது. நீங்கள் பணியில் இருந்த பெரும்பகுதிக் காலத்தில், பெண் ஊழியர் இப்படிப்பட்ட புகாரைக் கொண்டுபோக அலுவலகத்துக்குள் தனியாக ஓர் இடம் இல்லை. அலுவலகங்களில் புகார்க் குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் சொன்னது 1997-இல். தனிச் சட்டம் வந்தது 2013-இல். அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று உங்கள் பேத்தி கேட்டால், அந்தப் பக்கங்களில் பதில் இருக்க வேண்டும்.

பெயர் போடுவதுதான் யோசிக்க வேண்டியது. குற்றவியல் அவதூறுச் சட்டத்தில் (பழைய தண்டனைச் சட்டத்தின் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356) உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியது என்றால் அது அவதூறு ஆகலாம். தன்வரலாறுகளைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே பிறந்தது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில், வெளிவருவதற்கு முன்பே அதிகாரிகள் தடை போட முடியாது என்றது. அதே தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்றும், நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை எழுதலாம் என்றும் கோடு போட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் பொதுப் பதிவில் இருந்தாலும் வெளியிடக்கூடாது என்றது. உங்கள் விஷயத்தில், பெயர், பதவி, வருடம் மூன்றையும் போடாமல் எழுதினால் நினைவின் வலிமை குறையாது. பெயரோடுதான் எழுதுவேன் என்றால், அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞர் அந்தப் பக்கங்களைப் படிக்கட்டும்.

நீங்கள் விரும்பியவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மனதில் இருந்தது உங்களுடையது, அவருடைய இன்றைய குடும்பம் உங்களுடையது இல்லை. அவர் எழுதிய கடிதங்கள் உங்கள் கையில் இருந்தாலும் அவற்றின் பதிப்புரிமை அவருக்கும், அவர் காலத்துக்குப் பின் அறுபது வருடம் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கடிதத்தை அப்படியே அச்சில் போடாதீர்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் கோபம் வரலாம். பாமாவின் தன்வரலாற்று நூலான ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது, தங்களைப் பற்றி இப்படி எழுதிவிட்டாரே என்று அவர் ஊர்க்காரர்களே கொதித்தார்கள்; சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அதே ஊரின் படித்த இளைஞர்கள்தான் பிறகு அந்தப் புத்தகத்தின் அருமையை எடுத்துச் சொன்னார்கள். தலித் பெண்ணாகத் தனக்கு நடந்ததை அவர் எழுதாமல் விட்டிருந்தால் தமிழுக்கு எவ்வளவு பெரிய இழப்பு. ஆகவே யாராவது கோபப்படுவார்கள் என்பது ஒரு நினைவை விடுவதற்குக் காரணமாகாது. அந்தக் கோபத்தை யார் சுமக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் சுமப்பதாக இருந்தால் உங்கள் துணிவைப் பொறுத்தது. அக்காவோ அக்கா பெண்ணோ சுமக்க வேண்டிவந்தால் நிறுத்துங்கள்.

விட்டுவிட்ட பக்கங்களைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒரு உறையில் போட்டு, யார் எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதி, உயிலிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிறகு உரிமை வாரிசுகளுக்குப் போய், அவர்கள் எடுப்பதுதான் முடிவு. பதிப்பாளருக்குக் கணினிக் கோப்பாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பக்கங்களை நீக்கிய பிரதியைப் புதுக் கோப்பாகச் சேமித்துக் கொடுங்கள். திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி திறந்திருந்தால், வெட்டிய வரிகளும் கோப்போடு சேர்ந்து அவரிடம் போய்விடும்.